அடுத்தவங்க மூட் நம்மளை அப்படியே பிடிச்சுக்கிறது: வியாதியா, சுபாவமா, என்ன தான் பண்றது?

கேள்வி இது தான், சுருக்கமா போடுறேன்: "வீட்டுல யாராவது முகத்தை தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா எனக்கு அன்னைக்கு பொழுதே போச்சு. வழக்கமா சிரிச்சுட்டுப் போற மேனேஜர் ஒரு நாள் சிரிக்காம போனா, நான் என்ன தப்பு பண்ணேன்னு ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நீ ஓவரா யோசிக்கிறேன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஏழு வயசு மகளும் என்னை மாதிரியே வர்றா போல. இது வியாதியா? மாத்த முடியுமா?"

வியாதி இல்லைங்க. மாத்த முடியுமான்னா, கொஞ்சம் முடியும் கொஞ்சம் முடியாது, எது முடியும்னு தெரியாம முடியாததை மாத்தப் போய் தான் நிறைய பேர் வருஷக்கணக்கா அல்லாடுறாங்க. நான் கவுன்சலிங் வேலையில இருக்கேன், இதே புகாரோட வர்றவங்க நிறைய, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

ஆராய்ச்சிக்காரங்க இதை சென்சரி ப்ராசஸிங் சென்சிட்டிவிட்டின்னு சொல்வாங்க. அமெரிக்காவுல எலைன் ஏரன், ஆர்தர் ஏரன்னு கணவன் மனைவி ரெண்டு பேருமே சைக்காலஜிஸ்ட், 1997-ல இதைப் பத்தி ஒரு பேப்பர் போட்டாங்க, 27 கேள்வி வச்சு அளக்குற முறையும் அதுலேர்ந்து வந்தது தான். அதுல ஒரு கேள்வி, அடுத்தவங்க மூட் உங்களை பாதிக்குதான்னு நேராவே கேக்கும். மத்ததெல்லாம் சத்தம், கண்ணு கூசுற வெளிச்சம், ஒரே நேரத்துல நாலு வேலை தலையில விழுறது, பசி வந்தா எதுவும் ஓடாதது, இந்த மாதிரி. அதாவது மூட் மட்டும் தனியா இல்ல, வெளியிலேர்ந்து வர்ற எல்லாமே இவங்களுக்கு கொஞ்சம் தூக்கலா உள்ள இறங்குது. ஆரம்பத்துல நூறு பேருல 15-லேர்ந்து 20 பேர் இப்படின்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2018-ல வந்த ஒரு ஆய்வு ஆட்களை மூணா பிரிச்சு, ரொம்ப சென்சிட்டிவ் சுமார் 31%, நடுத்தரம் 40%, கம்மி 29%னு சொல்லுச்சு. ஆக நீங்க ஒண்ணும் அபூர்வப் பிறவி இல்ல, மூணுல ஒருத்தர்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இப்போ "நான் எம்பாத்"னு, அதாவது அடுத்தவங்க உணர்ச்சியை அப்படியே உள்வாங்குற ஆளுன்னு, ஒரு லேபிளை ஒட்டிக்கிட்டு வர்றவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. டாக்டருங்க நோய் கண்டுபிடிக்க வச்சிருக்கிற டிஎஸ்எம்-5ல இப்படி ஒரு நோயும் கிடையாது, இப்படி ஒரு வரமும் கிடையாது. லேபிள் கொஞ்ச நாளைக்கு ஆறுதலா இருக்கும், நம்மளை மாதிரி இன்னும் பேர் இருக்காங்கன்னு. அதுக்கப்புறம் "எனக்குத் தெரியும், எனக்கு எல்லாம் ஃபீல் ஆகும்"னு ஒரு நம்பிக்கையை குடுத்துடும் பாருங்க, அங்க தான் சிக்கலே ஆரம்பிக்குது.

முதல்ல, மூட் எப்படி ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு வருதுன்னு பாத்துடுவோம். எலைன் ஹாட்ஃபீல்டும் அவங்களோட வேலை பாத்தவங்களும் 1990கள்ல இதை எமோஷனல் கன்டேஜன்னு விளக்கினாங்க. எதிர்ல இருக்குறவங்க முகம், குரல், உக்காந்திருக்கிற விதம், எல்லாத்தையும் நம்ம உடம்பு நமக்கே தெரியாம கொஞ்சமா காப்பி அடிக்குது, அவங்க புருவத்தை சுருக்கினா நம்ம புருவத்துக்கு பக்கத்துல இருக்குற தசையும் லேசா இறுகுது, அப்புறம் அந்த இறுக்கமே நமக்கு ஒரு ஃபீலிங்கா திரும்பி வருது. இது எல்லா மனுஷனுக்கும் நடக்குறது. 2000-ல ஜெர்மன்காரங்க ரெண்டு பேர், நியூமன், ஸ்ட்ராக்னு, ஒரு வேலை பண்ணாங்க. ஒரு வறட்டு தத்துவப் பேச்சை ஒரு தடவை லேசா சோகமான குரல்ல, ஒரு தடவை லேசா சந்தோஷமான குரல்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி ஆட்களை கேக்க விட்டாங்க. பேச்சு ஒண்ணு தான், ஒரு வார்த்தை மாறல. ஆனா கேட்டவங்க மூட் குரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாஞ்சுது. எதனால மாறுச்சுன்னு அவங்களுக்கே தெரியல.

இந்தக் கடைசி வரியை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. மூட் வந்துடுச்சு, காரணம் தெரியல. காரணம் தெரியாம மனசு சும்மா இருக்குமா, இருக்காது, கைக்கு கிடைச்சதை காரணமா வச்சுக்கும். (மேல சொன்ன ஆர்தர் ஏரன் தான் 1974-ல டட்டன்கிற இன்னொருத்தரோட சேந்து கனடாவுல அந்த ஆடுற தொங்கு பாலம் ஆராய்ச்சியைப் பண்ணவர். பாலத்துல வந்த ஆம்பளைங்ககிட்ட ஒரு பொண்ணை விட்டு சில கேள்வி கேக்க வச்சு, அந்தப் பொண்ணோட போன் நம்பரையும் அவங்ககிட்ட குடுக்க வச்சாங்க, உறுதியான பாலத்துல வந்தவங்களை விட இந்த ஆடுற பாலத்துல வந்தவங்க தான் பின்னால அதிகமா போன் பண்ணாங்க. பயத்துல அடிச்ச நெஞ்சை காதல்னு நினைச்சுக்கிட்டாங்கன்னு விளக்கம் சொன்னாங்க.) உங்க மாதிரி ஆளுங்களுக்கு கைக்கு முதல்ல கிடைக்கிற காரணம் எது? "நான் தான் ஏதோ பண்ணிட்டேன்."

இப்போ உங்க மேனேஜர் கதைக்கு வர்றேன். அதுக்குள்ள மூணு வேலை நடக்குது, நீங்க மூணையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அவர் முகத்துல ஏதோ மாறியிருக்குன்னு கவனிக்கிறது ஒண்ணு. ஏன் மாறுச்சுன்னு முடிவு பண்றது ரெண்டாவது. அதை நான் தான் சரி பண்ணணும்னு இழுத்துப் போட்டுக்கிறது மூணாவது. முதல் விஷயத்துல நீங்க கில்லாடி, ஒத்துக்கிறேன், மத்தவங்களுக்கு மதியம் வரைக்கும் தெரியாதது உங்களுக்கு அவர் கதவைத் திறக்கும்போதே தெரிஞ்சுடும். ரெண்டாவதுல நீங்களும் மத்தவங்க மாதிரி தான், சுமார். கருகுற வாசனை உங்க மூக்குக்கு முதல்ல வந்துடுது, எந்த வீட்டு அடுப்புன்னு தெரியாது, ஆனா ஓடிப்போய் உங்க அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்திருக்கீங்க.

சுமார்னு சும்மா சொல்லல. வில்லியம் இக்கஸ்னு ஒருத்தர் ரொம்ப வருஷமா இதையே அளந்தார். ரெண்டு பேரை பேச விட்டு வீடியோ எடுத்து, அப்புறம் தனித்தனியா அதைப் போட்டுக் காட்டி, இந்த இடத்துல உன் மனசுல என்ன ஓடுச்சுன்னு ஒருத்தரை கேப்பார், இந்த இடத்துல அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு இன்னொருத்தரை கேப்பார். ரெண்டையும் ஒத்துப் பாத்தா, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு சரியா வந்தது சுமார் 20% தான். நெருங்கின நண்பர்கள், கல்யாணம் ஆனவங்க, இவங்க 30% பக்கம் வருவாங்க, 35%ஐ தாண்டுறதே கஷ்டம். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்துட்டு! அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சொல்றோம்ல, முகத்துல தெரியுறது உள்ள ஏதோ இருக்குன்னு மட்டும் தான், என்ன இருக்குன்னு முகம் சொல்லாது.

அப்போ அவங்க இடத்துல என்னை வச்சு நல்லா யோசிச்சுப் பாத்தா புரியுமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அப்படித் தான் அட்வைஸ் பண்ணுவாங்க. டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூணு பேரும் 2018-ல 25 சோதனை பண்ணி அதை ஒண்ணா போட்டாங்க. அடுத்தவங்க இடத்துல நின்னு யோசிச்சதுனால கணிப்பு கூடல, சில நேரம் "எனக்குப் புரிஞ்சுடுச்சு"ங்கிற நம்பிக்கை மட்டும் கூடிச்சு. கணிப்பு நிஜமா கூடினது அந்த ஆளையே வாயைத் திறந்து கேட்டப்போ தான். ராத்திரி வரைக்கும் மண்டையில ஓட்டுறீங்களே, அந்த ஓட்டத்துல புதுசா ஒரு தகவலும் உள்ள வர்றதில்ல. அதனால தான் எவ்வளவு ஓட்டினாலும் முடிய மாட்டேங்குது.

இந்த சுபாவம் எங்கேர்ந்து வருதுன்னா, பாதி பிறவியிலேயே. 2020-ல வந்த ஒரு இரட்டைக் குழந்தைங்க ஆய்வுல, இந்த சென்சிட்டிவிட்டி ஆளுக்கு ஆள் வேறுபடுறதுல சுமார் 47% மரபணுவுக்கு போகுதுன்னு வந்தது. மீதி வளர்ந்த விதம், வாழ்ந்த விதம்.

அந்த மீதியை கொஞ்சம் நிதானமா சொல்லணும். என்கிட்ட வந்த ஒருத்தங்க, வாசல்ல சாவி வைக்கிற சத்தத்தை வச்சு அப்பா இன்னைக்கு எப்படின்னு சொல்லிடுவாங்களாம். மெதுவா வச்சா குடிக்கல, தூக்கிப் போட்டா குடிச்சிருக்கார், வைக்கவே இல்லாம கையிலயே வச்சுக்கிட்டு உள்ள வந்தா தம்பியை இழுத்துக்கிட்டு பின் ரூமுக்கு ஓடிடணும். அவங்களுக்கு இப்போ நாப்பது வயசுக்கு மேல, அப்பா போய்ச் சேந்தே பல வருஷம் ஆச்சு, ஆனா ஆபீஸ்ல யாராவது ஃபைலை டேபிள்ல கொஞ்சம் சத்தமா வச்சா கை சில்லுனு ஆயிடுது. இது சுபாவம் மட்டும் இல்ல, பயிற்சி. சேத் போலக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2002-ல குழந்தைங்களுக்கு மங்கலான முகப் படத்தை கொஞ்சம் கொஞ்சமா தெளிவாக்கி காட்டினார், வீட்டுல அடி வாங்கி வளர்ந்த பிள்ளைங்க கோவமான முகத்தை மத்த பிள்ளைங்களுக்கு முன்னாடியே, படம் இன்னும் தெளிவாகாத நிலையிலேயே கண்டுபிடிச்சாங்க. கோவத்தை சீக்கிரம் பாக்குறது அந்தப் பிள்ளைக்கு உசுரைக் காப்பாத்துற வேலை, அதுல தப்பே இல்ல, வீடு மாறின பிறகும் உடம்பு அந்த வேலையை விடாம பாக்குது, அது தான் சங்கடம்.

உங்களுக்கு எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? நான் பொதுவா கேக்குறது: சந்தோஷமும் இதே மாதிரி ஒட்டுதா? அடுத்தவங்க சிரிச்சா உங்களுக்கும் காரணமே இல்லாம குஷி ஆகுது, நல்ல பாட்டு கேட்டா கண்ணு கலங்குது, கூட்டத்துல நேரம் போகப் போக களைச்சுடுறீங்கன்னா பெரும்பாலும் பிறவிச் சுபாவம். கோவமும் அதிருப்தியும் மட்டும் தான் ஒட்டுது, அதுவும் நமக்கு மேல இருக்குறவங்க, அதிகாரம் இருக்குறவங்ககிட்டேர்ந்து மட்டும்னா, பழைய பயம் ஒண்ணு உள்ள இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டும் கலந்தும் இருக்கும். பயம் பக்கம்னா தனியா புக் படிச்சு சரி பண்றதை விட ஒரு நல்ல தெரபிஸ்ட்டை பாக்குறது தான் சுலபம்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை யாரும் சொல்றதில்ல. இப்போ, இன்னைக்கு, உங்க கூட இருக்குறவங்க கோவம் வந்தா அடிக்கிறவங்க, மிரட்டுறவங்க, நாள்கணக்கா பேசாம இருந்து தண்டிக்கிறவங்கன்னா, உங்க சென்சிட்டிவிட்டிக்கு ஒரு குறையும் இல்ல, அது சரியா தான் வேலை பாக்குது. அங்க போய் மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு "நான் தான் ஓவர் சென்சிட்டிவ்"னு உக்காந்திருக்கக் கூடாது. அங்க மாத்த வேண்டியது நிலைமையை, உங்களை இல்ல.

சரி, அந்த ஆபத்து இல்லாத சாதாரண வீடு, சாதாரண ஆபீஸ்னு வச்சுக்குவோம். என்ன பண்ணலாம்?

மூணாவது வேலையை, அதான் சரி பண்ணப் போறதை, முதல்ல தொடுங்க, ஏன்னா அது ஒண்ணு தான் முழுசா உங்க கையில இருக்கு. இங்க ஒரு கசப்பான விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. மார்க் டேவிஸ் 1980கள்ல எம்பதியை, அதான் அடுத்தவங்க உணர்வை உணர்ற குணத்தை, நாலு தனித்தனி துண்டா பிரிச்சு அளக்க ஒரு முறை கொண்டு வந்தார், அதுல அடுத்தவர் மேல வர்ற அக்கறை ஒரு துண்டு, அடுத்தவர் கஷ்டத்தைப் பாத்து நமக்கே வர்ற பதட்டம் வேற துண்டு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் முகம் வாடி வந்து உக்காரும்போது நீங்க "என்னாச்சு, சொல்லுங்க, என் மேல கோவமா, ஏதாவது சாப்பிடுறீங்களா, சொல்லுங்களேன்"னு பத்து நிமிஷத்துக்குள்ள நாலு தடவை கேக்குறீங்கன்னா, அதுல அக்கறை எவ்வளவு, உங்க நெஞ்சு படபடப்பை நிறுத்திக்கிற அவசரம் எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. அந்த மனுஷன் ஏற்கனவே ஒரு பாரத்தோட வந்திருக்கார், இப்போ உங்களையும் சமாதானப்படுத்தணும். "ஓவரா யோசிக்கிற"ன்னு அவர் சொல்றது அந்தக் களைப்புல வர்ற பேச்சா கூட இருக்கலாம்.

பதட்டத்தை அக்கறையா மாத்த முடியுமான்னா, பழகினா முடியும். ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழு கஷ்டப்படுற ஆளுங்க வீடியோவைக் காட்டி சோதிச்சாங்க. அவங்க வலியை அப்படியே உணருன்னு பயிற்சி குடுத்தா பாக்குறவங்க மனசு இன்னும் நொந்து போச்சு. அதே ஆளுங்களுக்கு அடுத்து, இவங்க நல்லா இருக்கணும்னு மனசார நினைக்கிற பயிற்சி குடுத்தப்போ அந்த நோவு குறைஞ்சு நல்ல உணர்வு கூடிச்சு, மூளையில வேலை பாக்குற இடம் கூட வேற. அதனால மரத்துப் போறதுக்கு பழகத் தேவையில்ல. அவங்களோட சேந்து முழுகுறதுக்கு பதிலா, "பாவம், இன்னைக்கு கஷ்டமான நாள் போல, சீக்கிரம் சரியாகட்டும்"னு மனசுக்குள்ள சொல்லிட்டு பக்கத்துலயே உங்க வேலையைப் பாருங்க. கேக்க சின்னதா இருக்கும். பண்ணிப் பாத்தா முதல் சில தடவை ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏதோ கல் நெஞ்சுக்காரி ஆயிட்ட மாதிரி குற்ற உணர்ச்சி வரும், வரட்டும்.

ரெண்டாவது வேலைக்கு மருந்து, கேட்டுடுறது. ஒரே ஒரு தடவை, அமைதியா. "கொஞ்சம் டல்லா இருக்கீங்க போல, என்னால ஏதாவதா, இல்ல வேற விஷயமா?" அவ்வளவு தான். இல்லன்னு சொன்னா நம்பிடுங்க. பொய்யா கூட இருக்கலாம், ஆனா வளர்ந்த மனுஷங்க, உங்க மேல வருத்தம்னா சொல்ற பொறுப்பு அவங்களுக்கும் இருக்கு, அதையும் நீங்களே தோண்டி எடுக்கணும்னு இல்ல.

இதுல வீட்டுல இருக்குறவங்க பண்ற ஒரு தப்பு இருக்கு, இதை உங்க வீட்டுக்காரருக்கு படிச்சுக் காட்டுங்க. இந்த சுபாவம் உள்ளவங்ககிட்ட "ஒண்ணுமில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏதோ இருக்குன்னு அவங்க கண்ணு பாத்துடுச்சு, அது சரியாவும் இருக்கு, நீங்க இல்லன்னதும் அவங்களுக்கு ரெண்டு கவலை ஆயிடுது, என்ன இருக்கு, ஏன் மறைக்கிறாங்க. "இருக்கு, ஆபீஸ் விஷயம், உன்னால இல்ல, இப்போ பேச மூட் இல்ல, சாயந்திரம் சொல்றேன்." இவ்வளவு சொன்னா போதும், பாதி பேருக்கு அந்த நிமிஷமே தோள் இறங்கிடும். நான் ஜோடிகளோட பேசும்போது வேற எது பலிக்குதோ இல்லையோ, இது பலிக்கும்.

முதல் வேலையை, கவனிக்கிறதை, நிறுத்த முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. அது உள்ள வந்த பிறகு பேர் வைக்கலாம். மேத்யூ லீபர்மன் குழு 2007-ல மூளை ஸ்கேன்ல பாத்தது, கோவமான, பயந்த முகத்தைப் பாக்கும்போது அந்த உணர்ச்சிக்கு ஒரு பேர் சொன்னாலே அமிக்டலாவோட, அதாவது மூளையில பயம் மாதிரி உணர்ச்சிகளோட சம்பந்தப்பட்ட பகுதியோட, ஆட்டம் குறையுது. அதனால "வயித்தைப் பிசையுது, இது பதட்டம், அவர் உள்ள வந்த பிறகு தான் வந்தது, அதுக்கு முன்னாடி நான் நல்லா தான் இருந்தேன்"னு முழு வாக்கியமா சொல்லிக்கோங்க. அந்த "அதுக்கு முன்னாடி" முக்கியம், ஏன்னா எது உங்களுது, எது வெளியிலேர்ந்து வந்ததுன்னு அது தான் பிரிச்சுக் காட்டும். இதுக்கு தோதா, கூட்டத்துக்குள்ள, மீட்டிங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி என் மூட் இப்போ என்னன்னு ஒரு தடவை பாத்து வச்சுட்டுப் போங்க.

மெசேஜ் விஷயத்துல மட்டும் உங்க திறமையை சுத்தமா நம்பாதீங்க. "சரி"ன்னு வந்தது, எப்பவும் "சரிங்க"ன்னு வரும், ப்ளூ டிக் வந்து அரை மணி நேரம் ஆச்சு, டைப் பண்ற மாதிரி காட்டி நின்னுடுச்சு... அதுல குரலும் இல்ல முகமும் இல்ல, உங்களுக்கு படிக்க அங்க ஒண்ணுமே இல்ல, எல்லாம் நீங்களே எழுதிப் படிக்கிறது.

வேலை எதுன்னு பொறுத்தும் மாறும். கஸ்டமர் சர்வீஸ், நர்சிங், டீச்சிங் மாதிரி வேலைகள்ல உள்ள ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு காட்டியே சம்பளம் வாங்கணும், ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-லயே விமானப் பணிப்பெண்களை வச்சு இதை எமோஷனல் லேபர்னு எழுதினாங்க, அது நிஜமாவே உழைப்பு. அந்த வேலையிலேர்ந்து வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பாக்காம இருக்கணும்னு தோணினா அது திமிர் இல்ல, எடுத்துக்கோங்க, எவ்வளவு நேரம்னு வீட்டுல சொல்லிட்டு எடுத்துக்கோங்க. தூக்கம் கெட்டா இதெல்லாம் பல மடங்கு ஆகும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

தூக்கமே வராம வாரக்கணக்கா போகுது, நெஞ்சு படபடப்பு திடீர் திடீர்னு வருது, ஆளுங்களைப் பாக்கவே பயந்து லீவு போடுறீங்க, வாழ்க்கையே வெறுத்துப் போகுதுன்னா அது இந்தப் பேச்சுக்குள்ள அடங்காது. ஆங்சைட்டியோ டிப்ரஷனோ இருக்கலாம், ரெண்டுக்கும் நல்ல வைத்தியம் இருக்கு, டாக்டரைப் பாருங்க.

கடைசியா மகள். இந்தக் குழந்தைங்களைப் பத்தி கேக்க தெம்பான ஒரு விஷயம் இருக்கு. இங்கிலாந்துல பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்கு மனச்சோர்வு வராம இருக்க ஒரு வகுப்பு நடத்தி மைக்கேல் ப்ளூஸ் குழு 2015-ல முடிவைச் சொன்னாங்க, வகுப்போட பலன் ரொம்ப சென்சிட்டிவா இருந்த பொண்ணுங்களுக்கு தான் கிடைச்சுது, கம்மி சென்சிட்டிவ் பொண்ணுங்ககிட்ட பெருசா ஒண்ணும் தெரியல. கெட்டது எவ்வளவு ஆழமா இறங்குமோ நல்லதும் அவ்வளவு ஆழமா இறங்கும் இவங்களுக்கு.

அதனால அவ வந்து "அம்மா, கோவமா?"ன்னு கேட்டா இல்லன்னு சொல்லாதீங்க. "ஆமாடா, கோவம் தான், ஆபீஸ்ல ஒருத்தர் மேல. உன் மேல இல்ல. கொஞ்ச நேரத்துல போயிடும்." அவ உடனே உங்களை கட்டிப்பிடிச்சு, தண்ணி கொண்டு வந்து குடுத்து, ஜோக் அடிச்சு உங்களை சிரிக்க வைக்கப் பாப்பா, பாக்க அவ்வளவு அழகா இருக்கும், சொந்தக்காரங்க எல்லாம் என்ன பொறுப்பான பொண்ணுன்னு மெச்சுவாங்க. கட்டிப்பிடிச்சா வாங்கிக்கோங்க, ஆனா அந்த வேலையை அவ தலையில ஏத்தாதீங்க. "இதை அம்மா பாத்துக்குவேன், நீ விட்ட இடத்துலேர்ந்து விளையாடு"ன்னு அனுப்பிடுங்க. போனவ நாலு தடவை திரும்பித் திரும்பி உங்க முகத்தைப் பாப்பா. அதுக்காக சிரிச்சு நடிக்க வேண்டாம், உங்க கோவம் தானா அடங்குறதை அவ பாக்கட்டும்.